ஐம்பதாம் நாள் வந்த பதில்

நாலடி வெட்டினால் இறுகிய மண் வரும் என்று மதிப்பீட்டில் எழுதியிருந்தது. நாலடியில் வந்தது கறுத்த களி. கம்பியை ஊன்றினால், அடிக்காமலே முழங்கையளவுக்கு உள்ளே போனது. எங்கள் குளத்திலிருந்து தண்ணீரைத் திறந்துவிடும் துருசின் அடித்தளத்தை இதன்மேல் போட்டால் இரண்டு மாரிகூடத் தாங்காது என்று குழிக்குள் நின்ற மேசன் சொன்னார். இன்னும் இரண்டரை அடி வெட்டி, கருங்கல் நிரப்பி, அதன்மேல் கொங்கிரீட் படுக்கை போட வேண்டும். மதிப்பீட்டில் அந்த வேலை இல்லை. மதிப்பீட்டில் இல்லாத எதையும் எழுத்துமூல அனுமதியின்றிச் செய்தால் பணம் கிடையாது என்பது ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பந்தி.

அன்றிரவே அனுமதி கேட்டுக் கடிதம் எழுதினேன். மறுநாள், ஆகஸ்ட் 12, மோட்டார் சைக்கிளில் வேலையைத் தந்த அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொண்டு வந்தேன். பதில் ஒக்ரோபர் 1 அன்று கைக்குக் கிடைத்தது. ஐம்பது நாள். வேலை முடிந்திருக்க வேண்டிய நாள் செப்டம்பர் 30.

பதிலில் ஒரே ஒரு வரி இருந்தது: "தங்கள் கோரிக்கைக்கு அனுமதி வழங்கப்படுகிறது."

துணுக்காய்ப் பக்கத்தில் அறுபது ஏக்கர் வயலுக்குத் தண்ணீர் கொடுக்கும் ஒரு சிறு குளம் எங்களுடையது. அதன் கமக்காரர் அமைப்புக்கு நான் செயலாளர். 2018 டிசம்பர் பிற்பகுதியில் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் மூழ்கடித்த வெள்ளத்தில் துருசின் ஒரு பக்கச் சுவர் சரிந்தது. நெடுநாள் அலைந்த பிறகு திருத்துவதற்கு நிதி கிடைத்தது. வன்னியில் இப்படியான சிறு வேலைகளைப் பெரிய ஒப்பந்தக்காரரிடம் கொடுக்காமல் எங்களைப் போன்ற அமைப்புகளிடமே கொடுப்பதுண்டு. கூலி ஊருக்குள்ளேயே நிற்கும், வேலையும் நேர்த்தியாக நடக்கும் என்பதால் அது நல்ல வழக்கம் என்றே இன்றும் நினைக்கிறேன். வேலையைத் தந்த அலுவலகத்தின் பெயர் இங்கே தேவையில்லை. என் வழக்கு அந்த அலுவலகத்தோடு அல்ல, நாங்கள் இரு தரப்பும் கையெழுத்திட்ட தாளோடு.

அந்த ஐம்பது நாளும் எப்படிப் போயின என்பதைச் சொல்ல வேண்டும். துருசை மாற்றுவதற்காகக் குளக்கட்டை ஏற்கெனவே வெட்டியிருந்தோம். குழிக்குள் ஊற்று நீர் சுரந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு காலையும் இரண்டு மணி நேரம் பம்பி வைத்து இறைத்தால்தான் குழி குழியாக இருக்கும். கொங்கிரீட் கலவை இயந்திரத்துக்கு நாள் வாடகை ஓடியது. வவுனியாவிலிருந்து வந்த இரண்டு மேசன்மாரும் பதினொரு நாள் எங்கள் வீடுகளில் சாப்பிட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். பன்னிரண்டாம் நாள், "அண்ணை, குறை நினைக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வேறு வேலைக்குப் போனார்கள். அவர்களைக் குறை நினைக்க என்ன இருக்கிறது?

நான் அலுவலகத்துக்கு ஒன்பது தடவை போனேன். ஒரு தடவை பொறியியலாளர் களப்பயணம், ஒரு தடவை பயிற்சி, ஒரு தடவை கோப்பு மேலிடத்தில். யாரும் என்னை அவமதிக்கவில்லை. கதிரை தந்து இருத்தினார்கள், தேநீரும் தந்தார்கள். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் வாசலில் செருப்பைக் கழற்றும்போது கடன் கேட்கப் போகிறவனைப் போலக் கூசினேன். உரிமையாகக் கேட்க வேண்டிய ஒன்றை உபகாரமாகக் கேட்கும் நிலைக்கு என்னைக் கொண்டுவந்தது எது என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

ஐப்பசி நடுவில் மழை பிடித்தது. வெட்டிய இடத்தைக் காக்க அடுக்கியிருந்த மண்மூட்டைகள் ஒரே இரவில் போயின. அந்த மாரியில் குளத்தில் தண்ணீர் நிற்கவில்லை. காலபோகம் என்கிற மாரி நெற்பயிர் வானத்தை நம்பி வளர்ந்தது. தை மாதம் கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் மழை ஓய்ந்தது. குளத்து நீர் வேண்டிய அந்த இரண்டு கிழமையில் குளம் வெறுமையாகக் கிடந்தது. பாதி வயலில் பதர். வேலையை அடுத்த ஆண்டு முடித்துக் கொடுத்தபோது இறுதிப் பில்லில் தாமதக் கட்டணம் கழிக்கப்பட்டிருந்தது: நாளொன்றுக்கு ஒப்பந்தத் தொகையில் ஆயிரத்தில் ஒரு பங்கு, பத்து விழுக்காடு என்ற உச்சம் வரை. பத்து விழுக்காட்டையும் முழுமையாகக் கழித்திருந்தார்கள்.

அப்போதுதான் ஒப்பந்தத்தை முதல் முறையாக ஒழுங்காக வாசித்தேன். ஒரு பென்சிலை எடுத்து நாள் கணக்கு வரும் இடமெல்லாம் கோடு போட்டேன். நாங்கள் ஏழு நாளுக்குள் வேலை தொடங்க வேண்டும். குறை சுட்டிக்காட்டினால் பதினான்கு நாளுக்குள் திருத்த வேண்டும். கால நீடிப்பு வேண்டுமானால் காரணம் ஏற்பட்டுப் பதினான்கு நாளுக்குள் எழுத வேண்டும். அவர்கள் பக்கத்தில் ஒரு எண்கூட இல்லை. "இயன்றளவு விரைவில்", "உரிய காலத்தில்", "தேவையெனக் கருதுமிடத்து". இந்தச் சொற்றொடர்களை மரியாதையானவை என்று நினைத்திருந்தேன். இன்று அவற்றைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. யாருக்கு இயன்றளவு? எது உரியது என்று முடிவு செய்கிறவர் யார்? பலமுள்ளவருடைய நாட்காட்டியே அங்கே சட்டமாகிவிடுகிறது.

மாங்குளத்தில், கட்டுமான வேலைகளின் அளவையும் செலவையும் கணக்கிடும் கணிய அளவையாளர் ஒருவர் இருக்கிறார். மத்திய கிழக்கில் இருபது ஆண்டுக்கு மேல் வேலை செய்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவர். கழிவுத் தொகையை மீட்க வழியுண்டா என்று கேட்க அவரிடம் போனேன். கடிதத்தையும் ஒப்பந்தத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "தம்பி, இந்தக் கடிதத்தில் நீங்கள் அனுமதி கேட்டிருக்கிறீர்கள். நாள் கேட்கவில்லையே" என்றார். ஆகஸ்ட் 12 ஆம் திகதிக் கடிதம் மாற்ற வேலைக்கான அனுமதிக்கு மட்டுமே. கால நீடிப்பு என்பது தனிக் கோரிக்கை. அதைப் பதினான்கு நாளுக்குள் வைத்திருக்க வேண்டும். தாமதத்துக்குக் காரணமான தரப்பே தாமதக் கட்டணம் கேட்பது நியாயமில்லை என்று வாதாடலாம், அதற்குச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் வழக்குக்கு ஆகும் செலவு கழித்த தொகையை விழுங்கிவிடும் என்றார்.

பிறகு ஒரு இலத்தீன் வாக்கியம் சொன்னார். டியேஸ் இன்டர்பெல்லாட் ப்ரோ ஹோமினே. இலங்கையின் ஒப்பந்தச் சட்டத்துக்கு அடிப்படையான உரோம-டச்சுச் சட்டத்தில் உள்ளது அது. ஆளுக்காக நாளே கேட்கிறது என்று பொருள். கடமை ஒன்றைச் செய்வதற்கு ஒப்பந்தத்தில் நாள் குறித்திருந்தால், அந்த நாள் கடந்ததுமே செய்யாதவர் தவறியவராகிறார். வேறு யாரும் போய்க் கேட்க வேண்டியதில்லை. நாள் குறிக்காவிட்டால் மற்றவர்தான் போக வேண்டும், நியாயமான அவகாசம் கொடுத்துக் கேட்க வேண்டும், அதற்குப் பிறகுதான் தாமதம் என்ற கணக்கே தொடங்கும்.

எனக்குச் சட்டென்று அந்த ஒன்பது பயணங்களும் நினைவுக்கு வந்தன. நாளே கேட்டிருக்க வேண்டியதை நான் கேட்டுக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

அதன்பின் சில கிழமைகள் மாலையில் அவரிடம் போய்ப் படித்தேன். பீடிக் என்று சுருக்கிச் சொல்லப்படும் ஆலோசனைப் பொறியியலாளர்களின் சர்வதேசக் கூட்டமைப்பு 1913 இல் தொடங்கியது. அதன் மாதிரி ஒப்பந்தங்களையே உலகெங்கும் பெரிய கட்டுமானங்களுக்கு எடுத்துக்கொள்கிறார்கள். சிவப்புப் புத்தகம் எனப்படும் அதன் மாதிரி ஒப்பந்தத்தின் 1999 பதிப்பில் கோரிக்கை பற்றிய அறிவித்தலை ஒப்பந்தக்காரர் 28 நாளுக்குள் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் உரிமை போய்விடும். இது எங்களுடைய பதினான்கு நாள் பந்தியின் பெரியண்ணன். ஆனால் அதே புத்தகத்தில் மறுபக்கமும் எண்கள் உண்டு. முழு விபரம் கிடைத்து 42 நாளுக்குள் பொறியியலாளர் பதில் சொல்ல வேண்டும். இடைக்காலப் பில் கிடைத்து 56 நாளுக்குள் பணம் வர வேண்டும்; வராவிட்டால் மத்திய வங்கியின் கழிவு வீதத்துக்கு மேல் மூன்று விழுக்காடு சேர்த்து மாதந்தோறும் கூட்டுவட்டி. வேலை முடிந்தது, பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள் என்று எழுதி 28 நாள் வரை பதிலே இல்லையென்றால், வேலை உண்மையில் பெருமளவு முடிந்திருக்கும் பட்சத்தில், சான்றிதழ் கொடுத்ததாகவே கொள்ளப்படும். (ஹாட்வெயார் கடையில் சீமெந்துக்குக் கடன் சொல்லி வேலை செய்யும் எங்களைப் போன்றவர்களுக்கு 56 நாள் என்பது தாங்கக்கூடிய கணக்கல்ல. என்றாலும் எண் என்று ஒன்று இருக்கிறதல்லவா?)

2017 பதிப்பில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொன்று. வரைபடம் போன்ற ஆவணத்தைப் பொறியியலாளர் 21 நாளுக்குள் பார்த்துச் சொல்லாவிட்டால் ஆட்சேபனை இல்லை என்றே கொள்ளப்படும். பணமோ நாளோ கேட்கும் கோரிக்கைக்கு அவர் காலக்கெடுவுக்குள் முடிவு சொல்லாவிட்டாலோ, மறுத்ததாகக் கொள்ளப்படும். முதலில் இது அநியாயம் என்று பட்டது. மாங்குளத்து அண்ணைதான் விளக்கினார். "மறுப்பும் பதில்தான் தம்பி. மறுப்புக் கிடைத்தால் அடுத்த படிக்குப் போகலாம். பதிலே கிடைக்காதவன்தான் அதே படியில் நிற்கிறான்." மறுப்பு வந்துவிட்டால் பிணக்குத் தீர்க்கும் சபைக்குப் போகலாம், அந்தச் சபைக்கு 84 நாள் கெடு. எங்கே ஒரு தரப்பு வாயடைத்துக்கொண்டாலும் ஒப்பந்தம் தானாக அடுத்த கட்டத்துக்கு நகர்ந்துவிடும். வன்னியில் காணிக்கும் வீட்டுக்கும் காணாமற்போனவருக்கும் பதில் கேட்டு வெயிலில் இருந்த சனங்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆமும் இல்லாமல் இல்லையும் இல்லாமல் நிறுத்தி வைப்பது ஒரு மனிதருக்கு என்ன செய்யும் என்பதை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆனால் மௌனத்தைச் சம்மதமாக்கும் பந்தி கூரான கத்தி. அதை எதிர்ப்பக்கமும் பிடிக்கலாம். எங்கள் ஊரில் தனியாகக் குடும்பத்தைத் தாங்கும் ஒரு அக்கா மூன்று ஏக்கர் வயலைக் குத்தகைக்குக் கொடுத்திருந்தார். அறுவடைக்கு 30 நாள் முன்பு மறுப்புத் தெரிவிக்காவிட்டால் அடுத்த போகத்துக்கும் அதே குத்தகை தொடரும் என்று உடன்படிக்கையில் ஒரு வரி இருந்தது. அந்த வரி அவருக்குத் தெரியாது. நெல் விலை ஏறிய ஆண்டில் பழைய குத்தகைக்கே வயலை விட வேண்டியதாயிற்று.

இங்கிலாந்தில் 1862 இல் ஒரு வழக்கு நடந்தது. சகோதரனின் மகனுடைய குதிரையை வாங்க விரும்பிய ஒருவர், "இனி உன்னிடமிருந்து ஒன்றும் வராவிட்டால் குதிரை என்னுடையது என்று எடுத்துக்கொள்வேன்" என்று எழுதினார். அந்த மகன் பதில் எழுதவில்லை. அப்படி ஒருவர் மீது மௌனத்தைச் சுமத்திச் சம்மதமாக்க முடியாது என்றது நீதிமன்றம். ஆகவே மௌனத்துக்குப் பொருள் வேண்டுமானால் இருவரும் முன்கூட்டியே உடன்பட்டிருக்க வேண்டும். என் வாதம் அதற்கும் ஒரு படி மேலே போகிறது. அலுவலகமும் எழுதுவினைஞரும் கோப்பும் உள்ள தரப்பின் மௌனத்துக்கே பொருள் கட்ட வேண்டும். கடிதத்தை வாசிக்க இன்னொரு வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடும் ஒருவரின் மௌனத்துக்கு அல்ல. அவருக்கு நினைவூட்டும் கடமையையும் மற்றத் தரப்பின்மேல் எழுத வேண்டும்.

மொழியும் இதற்குள் வருகிறது. சிங்களத்தில் வந்த ஒரு அறிவித்தலை வாசிப்பிக்கவே எங்களுக்கு ஒருமுறை நாலு நாள் போனது. ஏழு நாள் கெடுவில் நாலு. 1988 இன் 16 ஆவது திருத்தத்தின்படி வடக்குக் கிழக்கின் நிர்வாக மொழி தமிழ். எனவே, "அறிவித்தல் தமிழில் இருக்க வேண்டும், தமிழில் கிடைத்த நாளிலிருந்தே கெடு எண்ணப்படும்" என்று ஒரு வரி கேட்பது யாரிடமும் சலுகை கேட்பதாகாது.

இரண்டாவது ஒப்பந்தம் வாய்க்கால் மதகுகளுக்கும் குளக்கட்டின் ஒரு பகுதிக்கும் வந்தது. கையெழுத்திடுவதற்கு முன் நாலு வரிகளைச் சேர்க்கக் கேட்டோம். அமைப்புக் கூட்டத்தில் சிலர் பயந்தார்கள். "தருவதையும் தராமல் விட்டுவிடுவார்கள்" என்றார் ஒரு பெரியவர். அவருடைய பயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அவருக்கு நான் நினைவூட்டியது எங்கள் போகக் கூட்டத்தை. ஒவ்வொரு காலபோகத்துக்கும் முன்னால் எல்லோரும் கூடி நாள் வைக்கிறோம். வாய்க்கால் துப்புரவுக்கு ஒரு நாள், வேலி அடைக்க ஒரு நாள், மாடுகளை வயலிலிருந்து அகற்ற ஒரு நாள், விதைப்பு முடிக்க ஒரு நாள். தன் பங்கு வாய்க்காலைக் குறித்த நாளுக்குள் துப்புரவாக்காதவருடையதை அமைப்புச் செய்துவிட்டுச் செலவை அவரிடம் அறவிடும். யாராவது கோபிக்கிறார்களா? கடைவாய்க்கால்காரனுக்குத் தண்ணீர் போவது தலைவாய்க்கால்காரனின் நேரத்தில்தான் தங்கியிருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். இரணைமடு போன்ற பெரிய குளங்களிலும் இதே முறைதான். நாள் வைப்பது அவநம்பிக்கை என்றால், வன்னியில் நெல்லே விளைந்திராது.

அலுவலகத்தில் புதிதாக வந்திருந்த பொறியியலாளர் நாலு வரிகளையும் இரண்டு முறை வாசித்தார். முதலாவது, எங்கள் எழுத்துமூலக் கேள்விக்கு ஏழு நாளுக்குள் எழுத்தில் பதில். இரண்டாவது, பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகக் கொள்ளப்படும். இதை அவர் மறுத்தார், அவர் மறுத்தது சரி. "அத்திவாரத்தையும் கட்டின் அளவையும் என் மௌனம் முடிவு செய்யக் கூடாது ஐயா. நான் காய்ச்சலில் கிடந்தால் பிழையான கட்டுக்கு அனுமதி கொடுத்தவனாகிவிடுவேன்" என்றார். உண்மைதானே. குளக்கட்டு உடைந்தால் கீழே இருப்பது எங்கள் வீடுகள். ஒரு மணி நேரம் பேசி இப்படி மாற்றினோம்: கட்டின் உறுதியைத் தொடும் எதிலும் மௌனம் அனுமதியாகாது, ஆனால் எட்டாம் நாளிலிருந்து ஒவ்வொரு நாளும் ஒப்பந்தக் காலத்தோடு தானாகச் சேரும், சும்மா நிற்கும் இயந்திரத்தின் வாடகையும் கணக்கில் ஏறும். அளவீட்டில் மட்டும் மௌனத்துக்குப் பொருள் வைத்தோம். அழைத்து ஏழு நாளுக்குள் தொழில்நுட்ப உத்தியோகத்தர் அளக்க வராவிட்டால், நாடா வைத்து நாங்கள் எடுத்த படங்களோடு கொடுக்கும் அளவே நிற்கும்.

மூன்றாவது வரி, கடிதம் யாருக்கு என்பது. பொறியியலாளர் இல்லாவிட்டால் பதில் சொல்ல வேண்டியவரின் பதவி, அவரும் மூன்று நாளில் சொல்லாவிட்டால் அடுத்தவரின் பதவி. நாலாவது, நாள் என்றால் நாட்காட்டி நாள். இதற்குத்தான் அதிக நேரம் போனது என்றால் நம்ப வேண்டும். வேலை நாள் என்று எழுதினால் சனி, ஞாயிறு, மாதந்தோறும் வரும் போயா என்ற முழுநிலா விடுமுறை, தீபாவளி எல்லாம் கழிந்து பதினான்கு நாள் மூன்று கிழமையைத் தாண்டிவிடும். மழை போயா பார்த்து வருவதில்லை. பீடிக் புத்தகத்திலும் நாள் என்றால் நாட்காட்டி நாள்தான்.

குறித்த நாளுக்கு முன் முடித்தால் ஊக்கத்தொகை தரும் பந்தியும் வேண்டுமா என்று அவரே கேட்டார். வேண்டாம் என்றோம். பாதைக்கோ பாலத்துக்கோ அது பொருந்தலாம். மண்கட்டை அரை அடி அரை அடியாகப் பரப்பி, நீர் தெளித்து, இறுக்கித்தான் ஏற்ற வேண்டும். அந்த இடத்தில் அவசரத்துக்குப் பணம் கொடுப்பதை நான் ஒருநாளும் ஏற்க மாட்டேன். எங்களுக்கு வேண்டியிருந்தது விரைவான பதில், விரைவான மண் அல்ல.

அந்த வேலையில் ஐந்து கேள்வி எழுதினோம். நாலுக்கு ஏழு நாளுக்குள் பதில் வந்தது. ஒன்றுக்குப் பதினோராம் நாள் வந்தது. நாலு நாள் காலத்தோடு சேர்ந்தது. அதற்காக யாரும் யாரிடமும் குரல் உயர்த்தவில்லை. அலுவலகப் படியை நான் ஏறியது கடிதம் கொடுக்க மட்டுமே. புரட்டாதி முடியுமுன் கட்டு எழும்பிவிட்டது.

பழைய ஐம்பது நாளில் கோப்பு எங்கே கிடந்தது என்பதையும் கடைசியில் அறிந்தேன். 2016 இன் 12 ஆம் இலக்கத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேட்டேன். கொடுப்பதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது அந்தச் சட்டம். பன்னிரண்டாம் வேலை நாளில் பதில் வந்தது. கோப்பு முப்பத்தொரு நாள் ஒரே மேசையில் இருந்திருக்கிறது. அந்த மேசைக்குரியவர் பிரசவ விடுமுறையில். அவருக்குப் பதிலாக யாரையும் நியமிக்கவில்லை. அந்தத் தாயின்மேல் எனக்கு என்ன கோபம் வரும்? இன்னொருவரின் பதவியைக் குறிக்கும் ஒரு வரி அன்று ஒப்பந்தத்தில் இருந்திருந்தால், எங்கள் தை மாதம் வேறாக இருந்திருக்கும்.

இப்போது குளத்தின் மிகைநீர் வழிந்தோடும் வான்பகுதியில் ஒரு சிறு வேலை நடக்கிறது. செவ்வாய்க்கிழமை ஒரு கேள்வி கொடுத்தோம்: பழைய கற்சுவரின் அடியில் மரவேர் ஓடியிருக்கிறது, சுவரை எவ்வளவு தூரம் பிரிப்பது? அமைப்புக் கட்டடத்தின் நாட்காட்டியில் அன்றைக்கு ஒன்று என்று எழுதினேன். இன்று நாலு. மத்தியானம் தொழில்நுட்ப உத்தியோகத்தர் தொலைபேசி எடுத்து, நாளைக் காலை எட்டு மணிக்கு வந்து பார்த்துவிட்டு அங்கேயே எழுதித் தருவதாகச் சொன்னார். வேரை மூடிய மண்ணை இன்றே விலக்கி வைக்கும்படி பொடியன்களிடம் சொல்லியிருக்கிறேன்.